றஹ்மா ராத்தாவின் முன் ஹோல்

"வாளி நிறையத் தண்ணி வெச்சிரிக்கன். ஒரு மனிசராவது காலைக் கழுவிட்டு உள்ளுக்கு வாறாங்களா?"

றஹ்மா ராத்தா இதைச் சொல்லாத நாளில்லை. பக்கத்து வளவில் எனக்குத் தேநீர் கொதிக்கும் நேரத்தில் இது கேட்டுவிடும்.

கோபத்தில் நியாயம் உண்டு. குறிஞ்சாக்கேணித் துறைக்கு நேரே அவர் வீடு. ஆட்களையும் மாடுகளையும் சைக்கிள்களையும் ஏற்றிக் கயிறு பிடித்து இழுக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதையால் இறங்குகிறவர்கள் முழங்கால் வரை சேற்றோடு இறங்கி, அப்படியே அவருடைய முன் ஹோலுக்குள் நுழைந்துவிடுவார்கள். ஆள் உயரத் தாழி, எருமைக்குக் கட்டிய மரமணி, பாய்மரக் கப்பலில் எரிந்த விளக்கு என்று அங்கே பார்க்க அவ்வளவு இருக்கிறது.

ராத்தா இதையெல்லாம் பெரிய நோக்கத்தோடு சேர்க்கவில்லை. சுதந்திரம் கிடைத்த பிறகு கடைகளுக்கு அலுமினியச் சட்டிகள் வந்து குவிந்தன. ஊரே பழசைத் தூக்கி வேலியோரம் எறிந்தது. ராத்தாவுக்கு எதையும் எறியக் கை வராது. பொறுக்கிக்கொண்டு வந்தார். பாதை இழுக்கிற அவர் கணவர் ஸஹாப்தீன் நானா தலையில் அடித்துக்கொள்வார்.

"நான் பாதையில மனிசரை ஏத்திறதா, உன்ட ஓட்டைப் பானையை ஏத்திறதா?"

"பானை உங்களைப் போல வாய் காட்டாது. ஏத்துங்க."

துளை போட்ட ஒரு கல்லை ஊறுகாய்ப் பானைக்குப் பாரமாக வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துத் தங்கரத்தினம் டீச்சர்தான் அதைக் கண்டு, முன்பு தம்பலகாமக் குடாவில் சிப்பி எடுக்க மூழ்கியவர்கள் காலில் கட்டிய கல் என்றார். மறுகிழமை பிள்ளைகளைக் கூட்டிவந்தார். பிறகு பெரியவர்கள் வந்தார்கள், டவுனிலிருந்தும் வந்தார்கள். ஊறுகாய்க்கு வேறு கல் தேட வேண்டியதாயிற்று.

எழுபத்தொன்றில் மகள் லைலாவுக்கு மூதூரில் மாப்பிள்ளை பேசினார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் குடில் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். நிக்காஹ்வுக்கு முன் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரமெல்லாம் அவர்கள் பார்க்கத்தக்கதாக முன் ஹோலில் வரிசையாக இருக்கும். ராத்தாவின் ஹோலில் அதற்கு இடம் ஏது? புதுப் பாத்திரங்களைக் குசினியில் அடுப்போரம் அடுக்கிவைத்தார். அங்கேதான் பிழை வந்தது.

மாப்பிள்ளையின் உம்மா நஜ்முன் நிஸா ஹோலுக்குள் வந்து நின்று, ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இதுகளையா எங்களுக்குக் காட்ட வெச்சிரிக்கீங்க?"

வழக்கமாகப் பார்க்க வருகிறவர்களைப் போலத்தான் கேட்கிறார் என்று ராத்தா நினைத்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஓம் மதினி. நல்லாப் பாருங்க. அந்தத் தாழி உங்கட மூத்தவாப்பாவையும் விடப் பழசு."

"பழசா? என்ட மகன் வெடிச்ச சட்டியில தின்னணுமா? ஒரு புதுச் சட்டி வாங்க ஏலாத வீட்டுலயா பொண்ணெடுக்க வந்தம்?"

அவர் விறாந்தைக்கு இறங்கி, செருப்பைக் காலில் மாட்டிவிட்டார். நான்தான் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப்போய்ப் புதுப் பாத்திரங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் ஆறினார். ஆறினாலும் விடவில்லை.

"வீட்டை முழுசாப் பொண்ணுக்கே குடுத்திரணும். மூலை முடுக்கு மிச்சம் வைக்கப்படாது. இந்தப் பழசெல்லாம் நிக்காஹ்வுக்கு முதல் வெளியால போகணும்."

ராத்தாவின் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று நான் பயந்தேன். லைலா கதவு மறைவில் நின்றாள். ராத்தா அவளைப் பார்த்தார்.

"சரி மதினி" என்றார்.

அவ்வளவு காலமும் சேர்த்ததை ஆட்டுக்கொட்டிலுக்குச் சுமந்தோம். மாரி மழை, கொட்டிலெல்லாம் ஒழுக்கு. மரமணி ஊறிப்போகும், விளக்கு துரு ஏறும் என்று எங்களுக்குத் தெரியும். ராத்தா சாக்கைப் போர்த்தினார், பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

நிக்காஹ் முடிந்தது. வீடு லைலாவுக்கு, குடில் பெரியவர்களுக்கு. மறுநாள் காலை கிணற்றடியில் லைலா தன் புருஷன் ஹிஸ்புல்லாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"இந்த வீடு இப்ப ஆருட?"

"உன்டதான். ஏன்?"

"அப்ப சாரனை மடிச்சுக் கட்டிட்டு வாங்க. தாழி தூக்கணும்."

புது மாப்பிள்ளை ஆட்டுப் புழுக்கையை மிதித்துக்கொண்டு தாழி தூக்கினார். ஸஹாப்தீன் நானா மறுபக்கம் பிடித்தார். பகலுக்கிடையில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னறையில் படுப்பதாக முடிவு.

மறுகிழமை நஜ்முன் நிஸா வந்தார்.

"ஆரு இதையெல்லாம் உள்ளுக்கு எடுத்த?"

"நான்தான் மாமி" என்றாள் லைலா. "மூலை முடுக்கும் மிச்சமில்லாம எனக்குத்தான் வேணுமெண்டு நீங்கதானே கேட்டீங்க? நீங்க வாங்கித் தந்த வீட்டுல எனக்கு விருப்பமானதை வைக்கன்."

மாமி மகனைப் பார்த்தார். மகன் தாழியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ராத்தா குடில் வாசலில் நின்றார். அவர் கண் கலங்கி நான் கண்டதில்லை, அன்றும் காணவில்லை. ஆனால் குரல் வந்தது.

"மதினி, கோவத்தைப் பிறகு பாப்பம். முதல்ல காலைக் கழுவுங்க."

அடுத்த வருஷம் துறையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. தன் வாப்பாவின் பாய்மரக் கப்பல் சுக்கானை நஜ்முன் நிஸா ஏற்றிவந்திருந்தார். "இதை நடுவுல வைங்க. தாழி ஓரத்துக்குப் போகட்டும்" என்றார். தாழி நகரவில்லை. சுக்கான் வாசலருகில் நிற்கிறது. அந்தச் சண்டை பத்து வருஷமாக நடக்கிறது.

பெரிய ஊர்களில் பழம்பொருள் காட்டுகிற நூதனசாலைக்குக் கட்டடமும் காவலாளியும் உண்டு. எங்கள் ஊரில் அது ஒரு பெண்ணின் சீதன வீட்டில் இருக்கிறது. எங்களுக்கு அதில் குறைவொன்றும் இல்லை.

திருகோணமலைப் பக்கம் வருகிறவர்கள் பாதை ஏறி ஒருதரம் போய் ராத்தா வீட்டாரைப் பாருங்கள். சுக்கானைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள், மூதூரில் ஒருவருக்குக் கோபம் வரும். வாசலில் வாளி இருக்கும். தயவுசெய்து காலைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள்.