கடிதத்தின் முதுகு

2006ஆம் ஆண்டின் குளிர்காலம். லண்டன், வெஸ்ட் ஈலிங்கில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் குடியிருந்தேன். வார நாட்களில் பார்க் ரோயல் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை. சனி, ஞாயிறு பின்னேரங்களில் பெற்றோல் நிலையத்தில் காசாளர். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சிய நேரத்துக்குத் தூக்கம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்த அலுவலக வேலை என்னவென்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் வாழ்ந்த வக்கீல்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் வந்த கடிதங்களை வாசிப்பதுதான் வேலை. கடிதங்கள் அமெரிக்காவிலேயே பத்திரமாக இருந்தன. அவற்றைப் படம் பிடித்த பிலிம் சுருள்கள்தான் எங்களிடம் வந்தன. கணினித் திரையில் ஒவ்வொரு கடிதமாகப் பார்த்து, யார் எழுதியது, யாருக்கு, எந்தத் தேதி, என்ன விஷயம் என்று பதியவேண்டும். விஷயம் ஒரே வரியில் அடங்கவேண்டும்.

பெரிய மனிதர்களின் கடிதங்கள் என்று முதலில் ஒரு பயபக்தி இருந்தது. ஒரு கிழமையில் அது போய்விட்டது. பாதிக்கு மேல் சிபாரிசு கேட்ட கடிதங்கள். மருமகனுக்குத் தபால் கந்தோரில் ஓர் உத்தியோகம், மச்சானுக்கு நீதிமன்றத்தில் ஓர் இடம். எங்கள் ஊர் எம்.பி. வீட்டு வாசல்தான், ஆட்கள் மட்டும் வெள்ளைக்காரர்கள். முதல் பக்கத்தில் சுகம் விசாரிப்பார்கள். இரண்டாம் பக்கத்தில் புகழ்ச்சி. மூன்றாம் பக்கத்தில் தங்கள் குடும்பப் பெருமை. கேட்க வந்த விஷயம் நான்காம் பக்கத்தில் எங்கேயாவது பதுங்கியிருக்கும். எழுத்தோ கோழி கிளறியது போல.

பக்கத்து மேசையில் இருந்த அயர்லாந்துப் பெண்தான் எனக்கு வழி காட்டினாள். "முதலில் கடிதத்தின் முதுகைப் பார்" என்றாள். அந்தக் கால வக்கீல்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடிதத்தை வாசித்ததும் நீளவாக்கில் ஒடுக்கமாக மடித்து, வெளிப்புறத்தில் யாருடைய கடிதம், எப்போது வந்தது, என்ன கேட்கிறார், பதில் போட்டாயிற்றா என்று குறித்துவைப்பார்கள். பிறகு கட்டாகக் கட்டி அடுக்கிவிட்டால், திரும்பத் திறக்காமலே தேடி எடுக்கலாம். நாலு பக்க மன்றாட்டத்துக்கு முதுகில் நாலு சொல். எனக்கும் அது போதுமாக இருந்தது.

அந்தச் சுருள்களில் ஒரு பெண் இருந்தாள். கணவனை யுத்தத்தில் இழந்தவள். பென்சன் கேட்டு ஒரே அரசியல்வாதிக்குத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள். முதுகில் அவளுடைய பெயரும் 'மறுபடியும் பென்சன்' என்ற குறிப்பும் மட்டும் இருக்கும். அவர் பதில் போட்டிருந்தாலும் அது அவளுடைய வீட்டுக்குத்தான் போயிருக்கும், இந்தக் கடிதக் கட்டுக்குள் இருக்காது. அதனால் கடைசியில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று அறிய வழியில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது சில நாட்களில் அவளுடைய நினைவு வரும். அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

என் மனைவியும் மகளும் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். எனக்கு இங்கே வதிவிட அனுமதி கிடைத்ததும் அவர்களைக் கூப்பிட விண்ணப்பித்திருந்தேன். ஒரு வருடம் தாண்டியும் மூச்சுப் பேச்சில்லை. நாட்டில் திரும்பவும் சண்டை தொடங்கியிருந்தது. லொட்ஜ்களில் சோதனை, பதிவு, விசாரணை. நான் புறப்பட்டபோது தவழ்ந்துகொண்டிருந்த மகள், இப்போது தொலைபேசியில் என்னை 'லண்டன் அப்பா' என்று கூப்பிட்டாள், வேறு ஓர் அப்பாவும் இருப்பது போல. மனைவி முதலில் எல்லாம் ஒவ்வொரு முறையும் "ஏதும் பதில் வந்ததே?" என்று கேட்பாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

சவுத்தாலில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஓர் அண்ணை இருந்தார். பிரான்சில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஊர்ச்சனத்துக்கெல்லாம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுப்பார். கூலி வாங்கமாட்டார், ஆனால் எழுதியதை முழுவதும் அவர் சத்தமாக வாசிக்க, நாங்கள் நின்று கேட்கவேண்டும். எந்தக் கடிதமானாலும் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்குவார். என்னிடம் எல்லாவற்றையும் கிளறிக் கேட்டு எனக்கு எழுதிய கடிதமும் அப்படியே. கலவரங்கள், இடப்பெயர்வுகள், எரிந்த எங்கள் வீடு, செல் குண்டு விழுந்து செத்துப்போன என் மாமனார் எல்லாம் வந்து, நான்காம் பக்கத்தில்தான் என் மனைவி வந்தாள். கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதை எங்கள் தொகுதி எம்.பி.க்கு அனுப்பினோம். கடிதம் கிடைத்தது என்று ஓர் அச்சடித்த அட்டை வந்தது, அவ்வளவுதான்.

"நேர போவம் தம்பி. ஆளைக் கண்டு கதைச்சால்தான் அலுவல் நடக்கும்" என்றார் அண்ணை.

இங்கே எம்.பி.மார் சனிக்கிழமைகளில் தொகுதி மக்களைச் சந்திப்பார்கள். அதற்குச் சேர்ஜரி என்று பெயர், டொக்டரிடம் போவது போல. ஒரு நூலகத்தின் பின்னறையில் நடந்தது. கவுன்சில் வீடு, அரசாங்க உதவிப் பணம், விசா என்று ஆளுக்கொரு கவலையோடு வரிசை வாசல்வரை நின்றது. அண்ணை கோட்டுப் போட்டு டையும் கட்டி வந்திருந்தார். எம்.பி. உள்ளே வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கிடைத்தது அவருடைய உதவியாளர், ஓர் இளம்பெண். கடும் தடிமனும் தும்மலும், மூக்கு சிவந்திருந்தது. எங்களுக்கு முன்னால் எத்தனை பேரின் அழுகையைக் கேட்டாளோ தெரியாது.

அண்ணை கடிதத்தின் பிரதியை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் முதல் பந்தியை வாசித்தாள். பக்கத்தைப் புரட்டினாள். இன்னொரு பக்கம். கண் எழுத்தில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் கண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். பின்னேரம் நாலு மணிக்கு அலுவலகத்தில் என் முகத்தில் இருப்பதும் அதே கண்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அவள்மேல் இரக்கம்தான் வந்தது. இந்தக் கடிதத்தின் முதுகில் 'இன்னுமொரு விசா' என்று மட்டும்தான் எழுதப்படும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மன்னிக்கவேண்டும், அதை ஒருக்கால் தருவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டு வாங்கினேன். நாலு பக்கத்தையும் சேர்த்து நீளவாக்கில் மடித்தேன்.

அண்ணை பதறிப்போனார். "என்ன தம்பி செய்யிறீர்? கசங்கப்போகுது!"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

அவளுடைய மேசையில் கிடந்த பேனையை எடுத்து, அந்த அமெரிக்க வக்கீல்கள் செய்வது போல வெளிப்புறத்தில் எழுதினேன். என் பெயர், மனைவி பெயர், மகள் பெயர், விண்ணப்ப இலக்கம், விண்ணப்பித்த தேதி. அதன் கீழே, பதில் இல்லை. அதற்கும் கீழே, எதனால் தாமதம் என்று கேட்கவேண்டும். அவசரத்தில் என் எழுத்தும் கோழி கிளறியதாகத்தான் இருந்தது.

அவள் வாங்கிப் பார்த்தாள். நிமிர்ந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "திங்கட்கிழமை காலையிலேயே கேட்கிறேன்" என்று சொல்லி, அதைக் கோப்புக்குள் வைக்காமல் தன் நாட்குறிப்புக்குள் செருகிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது 207 பஸ்ஸில் அண்ணை யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் இறங்க எழும்பியபோதுதான் வாய் திறந்தார். "நான் நாலு நாள் இருந்து எழுதினது தம்பி." நான் இறங்கினேன். பஸ் போய்விட்டது.

சில கிழமைகளில் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். விசா அலுவலகம் எங்களிடம் ஒரு பத்திரம் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. அது நான் முன்பு குடியிருந்த ஈஸ்ட்ஹாம் அறைக்குப் போய் எங்கேயோ தொலைந்திருக்கிறது. அவர்கள் எங்கள் பதிலுக்காகவும் நாங்கள் அவர்கள் பதிலுக்காகவும் ஒரு வருடமாகக் காத்திருந்திருக்கிறோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அலுவலகத்துக் கழிவறையில் போய் முகத்தைக் கழுவினேன். அன்றைக்கே பத்திரத்தை அனுப்பினோம்.

கோடை தொடங்கும்போது இருவரும் ஹீத்ரோவில் வந்து இறங்கினார்கள். மகள் தாயின் பின்னால் ஒளிந்து நின்று என்னைப் பார்த்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் என் கெட்டித்தனத்தைப் பற்றிய கதையாகத்தான் இது இருந்திருக்கும். வந்த சில நாட்களில், சாமான்களை அடுக்கும்போது, அண்ணையின் கடிதத்தினுடைய இன்னொரு பிரதி மனைவியின் கையில் அகப்பட்டது. ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள் அவள். கட்டில் விளிம்பில் இருந்து முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். நான் தேநீர் போட்டு வைத்தேன். அது ஆறி ஆடை படர்ந்தது. அவள் நிமிரவில்லை. தகப்பனைப் பற்றிய இடம் வந்தபோது வாய்விட்டு அழுதாள்.

"இஞ்சாருங்கோ, இதை ஆர் எழுதினது? எங்களுக்கு நடந்ததெல்லாம் இதில இருக்கு. இவ்வளவு காலமும் ஒருத்தரும் எங்களிட்டை இதைக் கேக்கேல்லையே."

நானும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொலைபேசியில் நாங்கள் விண்ணப்பத்தைப் பற்றித்தான் கதைத்திருக்கிறோம்.

அடுத்த நாளே அவளைச் சவுத்தாலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணை கல்லாவை விட்டு எழும்பி வந்து, கடிதத்தை அவளுக்கு முதலிலிருந்து சத்தமாக வாசித்தார். பருப்பு வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். வாசித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார். "இனி உள்ளுக்கு நான் எழுதுறன் தம்பி. முதுகை நீர் எழுதும்." அப்படியே பல குடும்பங்களுக்கு எழுதினோம்.

பிலிம் சுருள்கள் அந்த வருடத்தோடு முடிந்துவிட்டன. பென்சன் கேட்ட அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அலுவலகங்களுக்கு நான் இப்போதும் ஒரு வரிதான் எழுதுகிறேன். ஆனால் யாராவது என் பக்கத்தில் வந்து இருந்து, தன் கதையைச் சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து தொடங்கினால், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் இடைமறிக்காமல், அவர் தன் நான்காம் பக்கத்துக்கு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.