வெறும் வள்ளத்தின் கோடு

எனக்குக் கோணல் கோட்டைக் கண்டால் ஆகாது. உதியன்குளங்கரை ஜங்ஷனில் நம்பர் பிளேட்டும் ஸ்டிக்கரும் வெட்டிக் கொடுக்கிற கடை என்னுடையது. எழுத்தின் விளிம்பைப் பார்த்துப் பார்த்தே கண் இப்படி ஆகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பேனர் சரிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் இதை ஒரு நோய் என்கிறார். இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்று முருக்கு மரக் கட்டையைக் குடைந்து ஒரு முழ நீளத்தில் மீன்பிடி வள்ளத்தின் பொம்மை செய்வேன். குடைவதும் இழைப்பதும் எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், நடுவில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு. அந்தக் கோட்டுக்காகத்தான் மற்றதெல்லாம்.

கோடு சுத்தமாக வருவது டேப்பின் கையில் இருக்கிறது. வாங்கின மாஸ்கிங் டேப்பை அப்படியே ஒட்டக் கூடாது, சுருளின் ஓரத்தில் தூசி ஏறியிருக்கும். கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, பிளேடால் சீவிப் புது விளிம்பு எடுக்க வேண்டும். வள்ளத்தின் வயிறு வளைகிற இடத்தில் அகல டேப் மடிந்துகொள்ளும். அங்கே மெல்லிசாகக் கீறிய துண்டுதான் சொன்னபடி கேட்கும். ஒட்டியபின் கரண்டியின் பின்புறத்தால் விளிம்பைத் தேய்த்து அழுத்த வேண்டும். இவ்வளவு செய்தாலும் பெயின்ட் அடியில் கசியும். அதற்கும் வழி உண்டு. மேலே மஞ்சள், கீழே நீலம் என்றால், டேப்பின் விளிம்பில் முதலில் மறுபடியும் மஞ்சளையே ஒரு கை பூசிவிட வேண்டும். கசிகிறதென்றால் மஞ்சள் கசியட்டும், மஞ்சளில் மஞ்சள் கசிந்தால் யாருக்குத் தெரியும்? இடுக்கு அடைந்துவிடும். அதன்பிறகு அடிக்கிற நீலம் ஒரு பொட்டு உள்ளே போகாது.

இந்தக் கசிவு விஷயம் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். நாங்கள் இருப்பது கேரளம், பாறசாலையைத் தாண்டியதும் தமிழ்நாடு என்று பலகை நட்டிருக்கிறார்கள். பேச்சு மட்டும் இரண்டு பக்கமும் கசிந்துகொண்டே இருக்கிறது. அந்த விளிம்பை யாரும் கரண்டியால் தேய்க்கவில்லை போலும்.

நீலம் தொட்டால் ஒட்டாமலும், முழுக்க இறுகாமலும் இருக்கிற நேரம் பார்த்து டேப்பை அதன்மேலேயே மடக்கி மெதுவாக உரிக்க வேண்டும். மேல்நோக்கிப் பிடுங்கினால் மஞ்சளும் கூடவே வரும். இரண்டு நிறமும் சேருகிற அந்தத் தண்ணீர்க்கோட்டின் இடத்தை நான் குத்துமதிப்பாக வைப்பதும் கிடையாது. ப்ரைமர் அடித்த வள்ளத்தைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தண்ணீர் தொடுகிற இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கேதான் டேப் ஒட்டுவேன். இதில் எனக்குக் கர்வமே உண்டு. அந்தக் கர்வத்தில்தான் ஒருநாள் கல் விழுந்தது.

என் கடைக்கு எதிரே சாயங்காலம் மீன் விற்கிற பொழியூர்க்காரி ஒருத்தி உண்டு. ஏறக்குறைய என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்பாள். முன்பெல்லாம் அவள் கொண்டுவருவது அவள் வீட்டுக்காரர் பிடித்த மீன். ஒரு மழைக்காலத்தில் கடல் ஏறி வந்தபோது, கரையில் கிடந்த அவர்களுடைய வள்ளத்தைத் தூக்கிக் கல்லில் அடித்து இரண்டாகப் பிளந்துவிட்டது. அதற்குப்பிறகு அவள் மற்றவர்கள் வள்ளத்து மீனை எடுத்து விற்றாள். அவர் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. கூட்டாளிகள் வந்து தங்கள் வள்ளத்தில் கூப்பிட்டும் போகவில்லை.

ஒருநாள் கடைக்குள் வந்து போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மஞ்சளும் நீலமுமாக அந்த வள்ளம், கரையில் கிடக்கிறது.

"எக்கா, இதுமாதிரி ஒண்ணு செய்து தருவியளா? எட்டு மாசமாச்சு. கடலுக்குப் பெறங்காட்டியே இருக்காரு. இதக் கண்டாவது எழும்பட்டு."

எனக்குப் பயமாக இருந்தது. போனதை நினைவுபடுத்துகிற பொருளைக் கொண்டுபோய் நீட்டினால் ஆள் இன்னும் சுருண்டுவிட்டால்? அதைச் சொல்லவும் செய்தேன். அவள் கேட்கவில்லை.

"சுருளதுக்கு இனி மிச்சம் ஒண்ணும் இல்ல. நீங்க செய்யுங்க" என்றாள்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதுவரை நான் செய்ததில் அதுதான் சிறந்தது என்று இப்போதும் சொல்வேன். டேப்பை உரித்தபோது கோடு முன்தலையிலிருந்து பின்தலைவரை ஒரே சீராக ஓடியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை பிசகில்லை. பட்டுச்சேலைப் பெட்டியில் பஞ்சு வைத்து அதைப் படுக்கவைத்து, அடுத்த ஞாயிறு காலையில் பொழியூர் பஸ் ஏறினேன்.

அவர்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் முன்பு வேறு வீடுகள் இருந்தன. இப்போது இரண்டே சுவர்கள் நின்றன. கடல் பக்கத்து வாசலைச் சாத்திவைத்திருந்தார்கள். அவர் அதற்கு முதுகைக் காட்டி, டிவிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல தோள்வாகு உள்ள மனிதர். நான் பெட்டியைத் திறந்து வள்ளத்தை அவர் மடியில் வைத்தேன்.

அவர் டிவியை அணைத்தார். வள்ளத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நகத்தால் கோட்டின்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினார். அவர் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வர கொள்ளாம்" என்று கோட்டைப் பாராட்டினார். "ஆனா இது கடலுக்குப் போவாத வள்ளம் ஆக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "அதெப்படி? தண்ணியில விட்டுப் பாத்துத்தான் அடையாளம் வச்சேன்."

"வெறும் வள்ளத்த விட்டிருப்பிய. ஆளு இல்ல, வல இல்ல, எஞ்சின் இல்ல. அப்பம் இப்பிடித்தான் நேரா நிக்கும். கடல்ல கெடக்கிய வள்ளம் பின்னால தாழ்ந்துல்லா கெடக்கும்? நாங்க சாயம் அடிக்கதும் அந்தக் கணக்குக்குத்தான்."

அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. போன் படத்தில் நீலம் பின்னால் ஏறித்தான் இருந்தது. கேமராவைச் சரித்துப் பிடித்திருக்கிறாள் என்று நானே முடிவுகட்டி நேராக்கிவிட்டேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தால் என் வாய் சும்மா இருக்காது. அது என் பிறவிக் குணம்.

"கடலுக்குப் போவாத வள்ளத்தப்பற்றி நீங்க சொல்லுதியளா? இத்தன மாசமா கதவச் சாத்தி இருக்கது ஆரு?"

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது. ஓடிப்போய் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாம் போலிருந்தது. இத்தனை வருஷம் விளிம்பில் ஒரு பொட்டு கசியாமல் பார்த்துக்கொண்ட எனக்கு, வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டத் தெரியவில்லை.

அவர் வள்ளத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். சாத்தியிருந்த கதவின் கொண்டியை இழுத்தார். உப்பில் துருப்பிடித்து அது முதலில் அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். கடலும் வெளிச்சமும் ஒன்றாக உள்ளே வந்தன.

வெளியே தார்ப்பாய்க்கு அடியில் அவருடைய வலை கிடந்தது. அதைக் கிளறி, அறுந்த ஓரத்திலிருந்து ஈயமணிகளை உருவிக் கைநிறைய எடுத்துவந்தார்.

"ஏட்டி, துணி முக்குத தொட்டியில தண்ணி எடு."

அவள் எடுத்துவந்தாள். அவர் வள்ளத்தைத் தொட்டியில் இட்டார். அது என் கோட்டில் நேராக நின்றது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் குத்தவைத்து உட்கார்ந்து ஈயமணிகளை ஒவ்வொன்றாக உள்ளே வைக்கத் தொடங்கினார்.

"இது எஞ்சின்." பின்பக்கம் மூன்று மணி. "இது எண்ணெக் கேன். இது வல." நடுவில் ஒரு குவியல். "இது ஐஸ் பெட்டி. இவனுவ ரெண்டுபேரு முன்னால." ஒவ்வொரு மணிக்கும் வள்ளம் கொஞ்சம் இறங்கியது. நீலம் முழுகி, மஞ்சளின்மேலும் தண்ணீர் ஏறியது. பின்பக்கம் இறங்கிப் போகப் போக என் நேர்க்கோடு சரிந்தது. எனக்கு அப்போது கோபம் வரவில்லை.

கடைசியில் அவர் கையில் ஒரு பெரிய மணி மிஞ்சியது. அதை உள்ளே வைக்காமல் விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே இருந்தார். வெளியே அலை வந்து கல்லில் அடித்துத் திரும்பியது.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"அது நான்."

அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அவர் திறந்த கதவு வழியாகக் கடலைப் பார்த்தார். பிறகு குனிந்து, எஞ்சினுக்கு முன்னால், கைப்பிடியை எட்டுகிற இடத்தில் அந்த மணியை வைத்தார். பின்தலை இன்னும் ஒரு நூல் தாழ்ந்தது.

"இப்பம் வரைங்க" என்றார்.

நான் பென்சில் கொண்டுபோகவில்லை. அவளுடைய புருவப் பென்சிலால்தான் சுற்றிலும் குறித்தேன். வள்ளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புத்தாள் போட்டு, புதுக்குறியில் டேப் ஒட்டினேன். விளிம்பில் மஞ்சளை ஒரு கை பூசிக் காயவிட்டு நீலத்தை அடித்தேன். கோடு பின்னால் ஏறி, பார்க்கிறவர்களுக்குக் கோணலாகத்தான் தெரிந்தது. காயட்டும் என்று கடையின் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தபோது, தனுவச்சபுரத்திலிருந்து பைக் ஸ்டிக்கருக்கு வந்த காலேஜ் பையன்கள் "வர சரிஞ்சு போச்சல்லோ சேச்சி" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முன்பு நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

அவள் நாலைந்து நாள் மீன் விற்க வரவில்லை. நான் பேசின பேச்சுக்கு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் ஆட்டோவிலிருந்து மீன்பெட்டியோடு இறங்கினாள். பெட்டி நிறைய அயிலை. எனக்கு அவளிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஆருக்க வள்ளத்து மீனு?" என்று கேட்டேன்.

"கூட்டாளிக்க வள்ளம்" என்றாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியின் மூடியை நகர்த்தி எனக்குக் காட்டினாள். "பின்னால அவரு ஆக்கும் இருந்தது."