அண்ணனின் லோரியைப் பிரித்தவர்

அண்ணன் இல்லாத ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உங்களிடம், இந்த நினைவு மலரின் வழியே, பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பினாங்கு துறைமுகத் தொழிலாளியின் மூத்த மகனாக ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். அப்பா இறந்ததும் பதினேழு வயதில் அதே துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தங்கையான என்னைப் படிக்கவைத்து ஆசிரியையாக்கினார். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் தமக்கென்று ஒன்று வாங்கினார்: துருப்பிடித்த பழைய பிக்கப் லோரி.

புக்கிட் தெங்காவில் பட்டறை வைத்திருந்த பள்ளித் தோழரிடம் அதைப் புதுப்பிக்க விட்டார். ஞாயிறுதோறும் எதைப் பூட்டுவது என்று இருவரும் வாதாடுவார்கள். தோழருக்குப் பெரிய எஞ்சின், அகலமான டயர் வேண்டும். அண்ணனோ, "மொதல்ல ஒழுங்கா நிக்கணும்லா, அப்புறம் ஓடலாம்" என்று டிஸ்க் பிரேக்கைத் தேர்ந்தெடுத்தார். அதன் பிறகே புது எஞ்சின். முன்னால் குரோம் பம்பர், பின்தட்டுக்கு மெருகேற்றிய மரப்பலகை. நிறத்தை மட்டும் என்னிடம் விட்டார், கரும்பச்சை என்றேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் பந்தலுக்கு அதில் தண்ணீர் ஏற்றிப்போக வேண்டும் என்பது அவர் ஆசை.

அதற்குள் பக்கவாதம். மூன்று மாதம் மருத்துவமனையில் கிடந்தார். "நீ ஒடம்பப் பாருடா, லோரிய நான் பாத்துக்கிறேன்" என்றார் தோழர். அண்ணன் நம்பினார். நானும் நம்பினேன்.

வீடு திரும்பிய வாரமே பட்டறைக்கு அழைத்துப்போகச் சொன்னார். லோரியில் பம்பர் இல்லை. பானெட்டைத் திறந்தேன், எஞ்சினும் இல்லை. பிரேக்கையும் கழற்றியிருந்தார்கள். எல்லாம் பக்கத்தில் நின்ற தோழரின் சொந்த லோரியில் இருந்தன.

"இனிமே உன்னால ஓட்ட முடியாதுன்னு டாக்டர் சொன்னாராமே. சும்மா கெடக்குதேன்னுதான்..." என்று இழுத்தார் தோழர்.

அண்ணன் குழறிய நாக்கோடு கேட்டார்: "நான் செத்துட்டேன்னும் சொன்னாரா?"



திரும்பும் வழியில் அண்ணன் அழுதார். அப்பா இறந்தபோதுகூட அழாதவர்.

"போலீசுக்குப் போவோமா அண்ணே?"

"வேணாம்மா. நாப்பது வருஷக் கூட்டாளி. என்னன்னு எழுதிக் குடுப்பேன்?"

வெறும் கூடாகிவிட்ட லோரியை இழுத்துவந்து வாசலில் நிறுத்தினோம். அது கண்ணில் படாதபடி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். ஐந்தாவது மாதம் போய்விட்டார். தோழரை மன்னித்ததாக என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

இறுதிச் சடங்கில் அந்தத் தோழர் பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்தார். "நீங்க வேணாம் அண்ணே" என்று தடுத்தவள் நான்தான். உங்களில் சிலர் என்னைக் கடிந்துகொண்டீர்கள். காரணம் இதுதான்.

அண்ணனைத் தூக்கி உட்காரவைத்த தாதியர், நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா, லோரியை வீடு சேர்த்த துறைமுக நண்பர்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறோம்.

இம்மலரின் ஒரு பிரதியைப் புக்கிட் தெங்கா பட்டறைக்கும் அனுப்பியிருக்கிறேன்.