நண்பனின் மார்க் ஷீட்

வேலை கொடுத்த துணிக்கடைக்கு இனி போக முடியாது என்று தெரிந்தே தி.நகரிலிருந்து நடந்துகொண்டிருந்தேன். கையில் நண்பன் ரஃபீக்கின் டிகிரி மார்க் ஷீட் ஜெராக்ஸ். பெயரை மட்டும் என்னுடையதாக மாற்றியிருந்தேன். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன்.

சற்று முன் கடையில் நீட்டியபோது மேனேஜர் அதைப் பார்க்கவேயில்லை. பட்டுப்புடவை ஒன்றை உதறிப் போட்டு, “மடி நைனா” என்றார். ஊர் ஊராகத் துணிக்கடைகளில் வேலைக்கு நின்ற பழக்கத்தில் மடித்தேன்.

“மார்க்க வெச்சு இன்னா பண்றது? இங்க பிளஸ் டூவே ஜாஸ்தி. கையில தொழில் கீது. நாளைக்கே வந்துடு. இந்த டிகிரி ஒரிஜினல மட்டும் குடுத்து வெச்சுடு, இங்க எல்லார்தும் எங்ககிட்டதான் கீது.”

என் பிளஸ் டூ சர்டிபிகேட்டே போதும் என்று அப்போதுதான் புரிந்தது. இனி அதைக் கொடுத்தால், நீட்டியது போலி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். “சரி சார்” என்று இறங்கிவிட்டேன்.

மார்க்கைப் பெரிதாக நினைத்தது நான் மட்டும்தான். வருத்தம்கூட வரவில்லை. மறுநாள் காலை பட்டினப்பாக்கத்தில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைக்கும் வேலையில் சேர்ந்தேன்.