பாலத்துக் காவல்காரனும் அத்தையின் கேசட்டும்

விளையாட்டு விஷயத்தில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. புதிர் விளையாட்டு என்றால் பூட்டும் சாவியும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். கதவைத் திறந்த மாத்திரத்தில் ஆளைக் கொன்றுவிட்டு, மறுபடி முதலிலிருந்து வா என்று சொல்கிற விளையாட்டை நான் மதிப்பதில்லை. ஒரே மாதிரியான இருபது அறைகளை அடுக்கி ஆளைச் சுற்ற விடுவது வெறும் சோம்பேறித்தனம். இதையெல்லாம் சொன்னால் என் மகன் சிரிக்கிறான். அவனுடைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தாமாகவே சேமித்து வைத்துக்கொள்கின்றன. தப்புச் செய்தால் ஐந்து விநாடி பின்னால் போய் நின்றுகொள்ளலாம். சேமிப்பதற்கு ஒரு கேசட் கிடைக்காமல் வீடு முழுக்க அலைந்தவளின் பேச்சு அவனுக்கு எப்படிப் புரியும்?

எண்பதுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயதில் நடந்தது இது. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டின் கீழ்ப்பாகத்தில் அப்பாவின் சுக்கு மண்டி, மாடியில் நாங்கள். மூன்று தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். திருநெல்வேலியிலிருந்து கல்யாணத்துக்கு வருகிற உறவினர்கள்தான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். அத்தையின் புருஷன் மஸ்கட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். நடுவில் வருவது அவருடைய குரல் மட்டும்தான். அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து பலரும் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். ஊருக்கு வருகிற யாராவது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். அவர்கள் திரும்பிப் போகும்போது அதே கேசட்டில் வீட்டுக்காரர்களின் பதிலைப் பதிந்து கொடுத்தனுப்ப வேண்டும்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு முறை இருந்தது. ஏ பக்கம் எல்லாருக்கும். டேப் ரிக்கார்டரைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து கேட்போம். மாமா அங்கே இருந்துகொண்டு எங்களை ஒவ்வொருவராக விசாரிப்பார். நான் ஒவ்வொரு முறையும், சுகந்தான் மாமா, என்று பெட்டியைப் பார்த்துச் சத்தமாகப் பதில் சொல்வேன். பி பக்கம் அத்தைக்கு மட்டும். அதை அவள் மத்தியான நேரத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். கேசட் திரும்பிப் போகிற நாள் வரைக்கும் தினமும் கேட்பாள்.

அந்த வருஷம், மாமாவோடு வேலை பார்த்த, பக்கத்து ஊரான தோப்பும்படிக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது, ஒரு பெரிய பெட்டியே வந்தது. அப்பாவுக்குக் கைக்கடிகாரம், அம்மாவுக்கு இரண்டு புடவை, எனக்கு ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றால் ரப்பர் பொத்தான்கள் வைத்த ஒரு சின்னக் கறுப்புப் பலகை, அவ்வளவுதான். டிவியோடு ஒரு கம்பி, டேப் ரிக்கார்டரோடு ஒரு கம்பி. கூடவே விளையாட்டு பதிந்த கேசட் ஒன்று. எதற்காக இவ்வளவு என்று யாருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்குச் சம்பளம் கூடியிருக்கும் என்று அப்பா சொன்னார்.

அத்தைக்கு வந்தது கேசட் மட்டும். அதன் அட்டையில், இரண்டு பக்கமும் உனக்கு மட்டும், என்று எழுதியிருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மண்டிக்கு இறங்கிப் போனார். அம்மா சும்மா விடவில்லை.

"ரெண்டு பக்கமும் பேசறதுக்கு உன் வீட்டுக்காரருக்கு இப்பத்தான் தோணிச்சு போல! போ போ, கதவைச் சாத்திக்கோ. நான் சாயா போட்டு வெளியில வைக்கறேன்."

அத்தை வெட்கத்தோடு சிரித்தபடி உள்ளே போனாள். வெகு நேரம் கழித்து வெளியே வந்து, ஆறிப்போன சாயாவைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்தாள். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். ஏனென்றால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அத்தையை அல்ல, டேப் ரிக்கார்டரை. அது இனிமேல் எனக்கு எப்போது கிடைக்கும் என்பதுதான் என் கவலை.

அதிர்ஷ்டம் பாருங்கள், அத்தை அந்தக் கேசட்டை மறுபடி போடவே இல்லை. தினமும் மத்தியானம் டேப் ரிக்கார்டர் சும்மா கிடந்தது. பள்ளிக்கூடம் வேறு லீவு. என்னைப்போல் கொடுத்துவைத்தவள் கொச்சியில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த விளையாட்டில் படம் கிடையாது. எல்லாம் ஆங்கில எழுத்துதான். நீ ஒரு சமையலறையில் நிற்கிறாய், மேசையில் ஒரு விளக்கும் ஒரு பிடி உப்பும் இருக்கின்றன, வடக்கே ஒரு கதவு என்று டிவியில் வரும். நாம் இரண்டு வார்த்தையில் கட்டளை தட்ட வேண்டும். விளக்கை எடு. வடக்கே போ. நாலு சாமானுக்கு மேல் தூக்க முடியாது. காடும் சுரங்கமும் தாண்டினால் ஒரு பாலம். பாலத்தில் ஒரு காவல்காரன். அவனிடம் நான் பத்து நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். தங்கக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. வாளை எடுத்து வெட்டினேன், என்னைத் தூக்கி ஆற்றில் போட்டான். கெஞ்சினால், புரியவில்லை என்றது கம்ப்யூட்டர்.

போதாக்குறைக்கு மின்சாரம். வீட்டு விளக்கு ஒரு முறை கண்ணடித்தால் போதும், நடந்த வழியெல்லாம் அழிந்துபோகும். பழையபடி சமையலறையில் நிற்பேன். நிற்கிற இடத்தைக் கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்ளலாம் என்று விளையாட்டோடு வந்த தாளில் போட்டிருந்தது. ஆனால் அதற்கு வேறு கேசட் வேண்டும். அப்பாவின் பக்திப் பாட்டுக் கேசட்டைக் கேட்டதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வாள். அப்படி ஒரு மத்தியானம், காவல்காரன் என்னை எத்தனையாவது முறையாகவோ ஆற்றில் போட்டபோது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இவன் எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டேங்கறான் அத்தை."

"அவனுக்கு என்ன வேணும்னு அவன்கிட்டக் கேட்டியா?"

"அதெல்லாம் கேக்க முடியாது. இது கம்ப்யூட்டர்."

"கேட்டுத்தான் பாரேன் மோளே. கேட்டா என்ன போச்சு?"

அவளுடைய திருப்திக்காக, மறுபடி பாலம் வரைக்கும் போய், காவல்காரனைக் கேள் என்று தட்டினேன். டிவி ஒரு நிமிஷம் சும்மா இருந்தது. பிறகு எழுத்து வந்தது. நூறு வருஷமாக இங்கே நிற்கிறேன், யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை, என் சோற்றில் உப்பு இல்லை என்றான் காவல்காரன்.

உப்பு! எதற்கும் ஆகாது என்று சமையலறை மேசையிலேயே நான் விட்டுவந்த அந்த ஒரு பிடி உப்பு. கட்டிலில் ஏறிக் குதித்தேன். நல்ல விளையாட்டில் முதல் அறையில் இருப்பது எதுவும் வீண் போகாது என்று அன்றைக்குக் கற்றது. இன்று வரைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. திரும்பிப் போய் உப்பை எடுத்து வந்து கொடுத்தேன். காவல்காரன் விலகி நின்றான். பாலத்துக்கு அப்பால் ஒரு பட்டணம் தெரிந்தது.

மணி பார்த்தால் ஐந்தரை. ஆறு மணிக்கு எங்கள் தெருவுக்குப் பவர் கட்.

"அத்தை, ஒரு கேசட்! ஏதாவது ஒரு கேசட்! கரண்டு போனா எல்லாம் போயிரும்!"

அத்தை எழுந்து பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றும் இல்லாத கேசட் என்று நினைத்து, ஆரம்பத்துக்குச் சுற்றி, சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓட விட்டேன். மாமாவின் குரல் வந்தது. "நான் சொல்றதை முழுக்கக் கேட்டுட்டு அப்புறமா கோவிச்சுக்கோ," என்றார். பதறிப்போய் நிறுத்தினேன்.

"அத்தை, தெரியாம மாத்திக் கொடுத்துட்டே. இதுல மாமா பேசறார்."

"அவர் பேசி முடிச்சாச்சு மோளே. நீ பதிஞ்சுக்கோ."

எனக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதிந்தேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று போட்டுப் பார்த்தால், தகரத்தில் ஆணியைத் தேய்க்கிற மாதிரி அந்தக் கீச்சு ஒலி. அத்தை கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பி பக்கத்தைக் கேட்பதுபோல் அதைக் கவனமாகக் கேட்டாள்.

"இன்னும் இடம் இருக்கா?" என்றாள். "பாழாக்க வேண்டாம். ரெண்டு பக்கமும் இதையே பதிஞ்சுக்கோ."

இவ்வளவு தாராளமான அத்தை யாருக்குக் கிடைப்பாள்? ஒன்றுக்கு இருபதாக இருக்கட்டுமே என்று, அன்றைக்கு ஆறு மணி வரையும் மறுநாளும் உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் பாலமாகவே நிரப்பினேன்.

அதற்கடுத்த நாள் தோப்பும்படிக்காரர் வந்தார். மறுநாள் அவருக்கு விமானம். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"சேச்சீ, கேசட் ரெடியானோ? அவன் பிரத்யேகம் சொல்லி விட்டுருக்கான். பதில் இல்லாம வரக்கூடாதுன்னு."

அத்தை உள்ளே வந்து, டேப் ரிக்கார்டர் மேல் இருந்த என் கேசட்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது என்னோடது அத்தை! அதுல என் பாலம் இருக்கு!"

"தெரியும்."

"மாமாக்கு வெறும் கீச்சுன்னுதானே கேக்கும்? அவருக்கு ஒண்ணும் புரியாது."

"புரியும்," என்றாள் அத்தை. என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, வாசலுக்குப் போய்க் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கு நான் அழுத அழுகை மண்டி வரைக்கும் கேட்டது. அத்தைக்கு மூளை பிசகிவிட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். நான்கு நாள் அவளோடு பேசவில்லை. பத்து நாள் பட்ட பாடு விமானமேறிப் போய்விட்டதே என்ற ஆத்திரத்தில், அந்த நான்கு நாளும் அவள் யாரோடுமே பேசவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் கோபத்தை விட்டு மறுபடி சமையலறையிலிருந்து தொடங்கினேன். இப்போது எனக்கு வழியெல்லாம் மனப்பாடம். உப்பை முதலிலேயே எடுத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் பாலத்துக்கு வந்து, நேராக உப்பைக் கொடு என்று தட்டினேன். காவல்காரன் வாங்கவில்லை. மறுபடி கொடுத்தேன். தூக்கி ஆற்றில் போட்டான்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. இன்றைக்கும் அந்த விளையாட்டின் மேல் எனக்கிருக்கிற ஒரே புகார் அதுதான்.

"அநியாயம் அத்தை! அவனுக்கு என்ன வேணும்னுதான் எனக்குத் தெரியுமே! பின்ன எதுக்கு மறுபடியும் கேக்கணும்?"

கட்டிலில் புடவை மடித்துக்கொண்டிருந்த அத்தை நிமிரவில்லை. "தெரிஞ்சாலும் கேக்கணும் மோளே," என்றாள். "கேக்காம முடிவு பண்ணிட்டு, அப்புறம் எதை நீட்டினா என்ன?"

அவள் குரல் உடைந்திருந்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன்.

மாமா அதற்குப் பிறகு வரவே இல்லை. மஸ்கட்டில் அவருக்கு வேறு ஒரு குடும்பம் இருந்ததும், அதைச் சொல்லத்தான் அந்தக் கேசட்டின் இரண்டு பக்கமும் தேவைப்பட்டது என்பதும், பெட்டி ஏன் அவ்வளவு பெரிதாக வந்தது என்பதும், நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அதற்குள் அத்தை களமசேரியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்து, தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய் வந்துகொண்டிருந்தாள். அவள் வாயால் அந்தப் பேச்சை நான் கேட்டதே இல்லை.

ஆனால் அந்த மத்தியானம் அவள் எனக்கு ஆறடி தூரத்தில்தான் இருந்தாள். உனக்கு என்ன ஆச்சு அத்தை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் டிவியின் பக்கம் திரும்பி, காவல்காரனைக் கேள் என்று தட்டிக்கொண்டிருந்தேன்.