‘மற்றவை’ அறையும் பசையக்காவும்

கல்லூரிப் பதிவேட்டில் அவள் நூலக உதவியாளர். மற்றபடி முப்பத்தோரு வருடமாக எல்லோருக்கும் அவள் பசையக்காதான். புத்தக முதுகில் எண் சீட்டு ஒட்டி ஒட்டி, விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். சாப்பிட உட்காருமுன் அதை உரித்துப்போட ஐந்து நிமிடமாவது ஆகும். அதற்குள் பக்கத்தில் இருப்பவரின் வீட்டு விவகாரம் முழுவதையும் கேட்டு முடித்துவிடுவாள்.

அந்த நூலகத்தைக் கட்டியவர்கள் கடல் தாண்டி வந்து ஆண்ட வெள்ளைக்காரர்கள். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அவர்களுடைய புத்தகங்கள் மட்டும் மாடியில், சன்னலோரம், நல்ல வெளிச்சம் வரும் இடத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகளுக்குள் சொகுசாக இருந்தன. மேலே ‘இலக்கியம்’ என்று பலகை. நம் மொழிக் கதைகள் எங்கே என்று கேட்டால், கீழ்த்தளத்தில், சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு அடுத்த அறையில். கால்நடை நோய்கள், தேனீ வளர்ப்பு, பழைய ரயில் கால அட்டவணை இவற்றோடு ஒண்டுக்குடித்தனம். அங்கே பலகையில் ‘மற்றவை’ என்று எழுதியிருந்தது.

பசையக்காவுக்கு அந்த அறை என்றால் உயிர். மதியம் ஒரு நாவலோடு அங்கே உட்கார்ந்தால் மணி அடிப்பது காதில் விழாது. வாரத்துக்கு ஒன்றை வீட்டுக்கும் எடுத்துப்போவாள். அவள் கணவர் பஸ் டிரைவர். கடைசி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டு அவரும் படிப்பார். ஒருமுறை கதையைப் படித்து அழுதுவிட்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று கண்டக்டரிடம் புளுகினார்.

“எந்தப் புண்ணியவான் இதையெல்லாம் கொண்டுபோய்க் கீழே போட்டானோ! அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்” என்று அவள் கணவரிடம் பொருமாத மாதமே கிடையாது.

அவளுக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது அந்தச் சுற்றறிக்கை வந்தது. புதிதாக வந்திருந்த நூலகர் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். பத்து வருடமாக மாணவர் யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துப் பழைய காகிதத்துக்குப் போட வேண்டும். பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. அத்தனையும் கீழ் அறைக் கதைகள்.

“மாடியில இருக்கறதையும்தான் யாரும் தொடறதில்ல மேடம். அந்தப் பூட்டே துருப்பிடிச்சுக் கெடக்கு.”

“தெரியும்க்கா. ஆனா அது இலக்கியம். அதுக்கு விலக்கு கொடுத்திருக்காங்க.”

“அப்போ இது என்னவாம்?”

நூலகர் வயதில் சின்னவர், நல்ல மனுஷி. பட்டியலை ஓரமாகத் தள்ளிவைத்தார். “இதையெல்லாம் மற்றவையில வைக்கச் சொல்லி யாராவது உத்தரவு போட்டிருக்கணும். அந்தத் தாளைத் தேடி எடுங்க. வெள்ளிக்கிழமை நூலகக் குழு கூடுது. அதை ரத்து பண்ணுங்கன்னு நான் கேக்கறேன்.”

பசையக்கா மூன்று நாள் சோறு தண்ணி மறந்து தேடினாள். தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோனது. வெள்ளைக்காரர் எழுதிவைத்த பிரிவு விதிகள் கிடைத்தன. அதில் ‘இலக்கியம்: கதை, கவிதை, நாடகம்’ என்று மட்டும் இருந்தது. எந்த மொழி என்ற பேச்சே இல்லை. கடைசியில் புத்தக வரவுப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் புரட்டினாள். நம் மொழி நாவல் ஒன்று அந்த நூலகத்துக்குள் முதன்முதலில் வந்த பக்கத்தைக் கண்டாள். பிரிவு என்ற கட்டத்தில் ‘மற்றவை’ என்று இருந்தது. எழுத்து அவளுடையது.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. யாரோ நன்கொடையாக ஒரு பெட்டிப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். அப்போதிருந்த நூலகர் விடுப்பில் இருந்தார். அவள் பெட்டியோடு மாடி ஏறி, கண்ணாடிக்குள் இருந்த தோல் அட்டைகளையும் தங்க எழுத்துகளையும் பார்த்தாள். கையிலிருந்த மெல்லிய அட்டைகளையும் மசி கலங்கிய படங்களையும் பார்த்தாள். விருந்தாளிகள் நிறைந்த கூடத்துக்குள் வீட்டு உடுப்போடு நுழைவதுபோல் கூசியது. யாரும் பார்ப்பதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்த வழியிலேயே போனது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுமுன்பே கணவரிடம் சொன்னாள். “அவனைக் கண்டுபிடிச்சிட்டேங்க. நான்தான் அது.”

அவர் சிரிக்கவில்லை. “யாராவது சொல்லிச் செஞ்சியா?”

“யாருமே சொல்லல. அதைத்தான் தாங்க முடியல.”

அதோடு பயமும் சேர்ந்துகொண்டது. குழுவில் இதை ஒப்புக்கொண்டால் வேலைப் பதிவேட்டில் கறுப்புப் புள்ளி விழும், ஓய்வூதியத்தில் கை வைத்தாலும் வைப்பார்கள். உத்தரவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் அவள் தப்பித்துவிடலாம். ஆனால் ரத்து செய்ய ஒன்றும் இல்லையென்று புத்தகங்கள் லாரியில் ஏறிவிடும்.

வெள்ளிக்கிழமை குழுவுக்குத் தலைமை இலக்கியத் துறைப் பேராசிரியர். நம் மண்டைக்குள் இன்னும் குந்தியிருக்கும் வெள்ளைக்காரனை விரட்ட வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர். கீழ் அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அவருக்குத் தெரியாது.

“உத்தரவு போட்டது யாருன்னு தெரிஞ்சுதா?” என்றார்.

நூலகர் வாயைத் திறப்பதற்குள் பசையக்கா எழுந்துவிட்டாள். “உத்தரவே இல்ல சார். நானாத்தான் கொண்டுபோய் வச்சேன். நம்ம புத்தகத்தை மேல வைக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. தப்பு என்னோடது. தண்டனை குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்க, அதுங்களைக் கழிச்சிடாதீங்க.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். “நான் இங்கேயே படிச்சவன், இருபது வருஷமா இங்கேயே பாடம் நடத்தறேன். அதுங்க ஏன் கீழ இருக்குன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே, அக்கா” என்றார். பட்டியலின் குறுக்கே கோடு போட்டு, ‘இலக்கியம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அன்றைக்கே பசையக்கா நானூற்றுப் பன்னிரண்டுக்கும் பழைய சீட்டைச் சுரண்டத் தொடங்கினாள். முதல் பத்துக்குப் புதுச் சீட்டு ஒட்டி, நெஞ்சோடு அணைத்தபடி மாடி ஏறினாள். பூட்டைத் திறக்க எண்ணெய் தேவைப்பட்டது. உள்ளே புத்தகங்கள் ஆசிரியர் பெயர் வரிசையில் நெருக்கி அடுக்கியிருந்தன. ஒரு விரல் நுழைய இடமில்லை. இரண்டு தடித்த தோல் அட்டைகளுக்கு நடுவே பசை காய்ந்த விரல்களைக் கொடுத்து நெம்பினாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றாள், வாசிப்புக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி.