உப்புக் குவியலுக்கு முன் எடுத்த இரண்டு படங்கள்

ஒரே காலையில், ஒரே இடத்தில், சில நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள். கறுப்பு வெள்ளைப் படம் என் மேசை இழுப்பறையில், பழைய நோட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. ஒரு மூலை மடிந்ததைத் தவிர அன்று கழுவியபடியே இருக்கிறது. வண்ணப் படம் சித்தி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வெளிச்சம் பட்டுப் பட்டு அதில் நீலம் முழுவதும் போய்விட்டது. சித்தி, உப்பு, வானம் எல்லாமே செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டன. கம்ப்யூட்டரில் போட்டுச் சரி செய்து தருகிறேன் என்று போன மாதம் சொன்னேன். "நீ சரி பண்ணதெல்லாம் போதும்டி" என்றாள் சித்தி.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்தாள். மரக்காணத்து உப்பளத்தில் அது அவளுக்கு நான்காவது வருஷம். வானூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை. பெண் வெளியே வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருக்கிறாள் என்று தரகர் சொல்லிவைத்திருந்தார். அம்மா மறுக்கவில்லை. அவர்கள் போட்டோ கேட்டார்கள்.

என் மாமா பாண்டிச்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கேமராவோடு வந்தார். ஒன்றில் கறுப்பு வெள்ளை ஃபிலிம். மற்றதில், யாருடைய கல்யாணத்துக்கோ போட்ட கலர் ரோலில் கடைசியாக ஒரு படம் மிச்சம்.

"ஸ்டுடியோல ஒரு வெள்ளத் துணிய கட்றதுக்குள்ள உசுரு போவுது. இங்க மலையாட்டம் கெடக்குது பாரு" என்று சொல்லிச் சித்தியை உப்புக் குவியலுக்கு முன் நிறுத்தினார். எப்போதும் வெள்ளையைப் பார்த்துப் பழகிய எங்கள் யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. உப்பின் மேல் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. அதனால் சித்தி மயில் நீலப் புடவையில், வெறுங்காலோடு நின்றாள்.

அடுத்த வாரம் படங்கள் வந்தன. வண்ணப் படத்தில் உப்பு கண்ணைப் பறித்தது. அதன் நடுவே சித்தியின் முகம் கருத்துக் கிடந்தது. புடவைக் கரையில் உப்பு பூத்திருந்தது. குதிகால் வெடிப்பைக்கூட எண்ணலாம்.

"கால பாருடா! இதப் போயி அனுப்புறதா?" என்றாள் அம்மா.

"அவ்ளோ வெள்ளையப் பார்த்தா கேமராவுக்கே கண்ணு கூசுதுக்கா. நான் இன்னா பண்ணட்டும்? கலர்னா வெளிய அனுப்பிக் கழுவறது. இது என் கையாலயே போட்டேன், மூஞ்சிய கொஞ்சம் வெளுப்பா எடுத்துக் குடுத்துட்டேன்" என்று மாமா மற்றதை நீட்டினார்.

அதில் உப்பு பனிமலையாக இருந்தது. பாதங்கள் வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்திருந்தன. நடுவில் மென்மையான சாம்பல் முகத்தோடு ஒரு பெண்.

சித்தி அதை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "யாருண்ணா இது?"

"நீதான்."

"அப்போ கலர்ல இருக்கிறது?"

"அதுவும் நீதான். வாய மூடு."

எனக்கு அந்தப் பனிமலை பெரிய புதிராகிவிட்டது. அளத்துக்குப் போய்க் குவியலின் முன் குந்திக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, இரண்டு கண்ணையும் பாதி மூடி, எப்படிப் பார்த்தாலும் அது உப்பாகவே இருந்தது. படத்தில் மட்டும் எப்படி மாறியது?

கறுப்பு வெள்ளையை அனுப்புவது என்று முடிவானது. காலையில் சித்தி கவரைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, பள்ளிக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். தெருமுனையில், அந்த மலையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட ஆசைப்பட்டு, ஈரம் காயாத கவரைப் பிரித்தேன். உள்ளே வண்ணப் படம் இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். கறுப்பு வெள்ளை, சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. அதை எடுத்துக் கவரில் வைத்தேன், வண்ணப் படத்தை அங்கே செருகினேன், புதுப் பருக்கையால் ஒட்டினேன். பள்ளி மணிக்குள் கவரைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

பத்து நாளில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பையிலிருந்து படத்தை எடுத்தாள். அதைப் பார்த்ததும் காபித் தட்டோடு வந்த சித்தி அப்படியே நின்றுவிட்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

"பின்னாடி பனிமலை வரைஞ்ச படுதா ரொம்ப நல்லா இருக்குது. எந்த ஸ்டுடியோங்க?"

மாமா பெருமையாக வாயைத் திறப்பதற்குள் சித்தி சொன்னாள்: "படுதா இல்லீங்க, உப்பு. நான் வாரிக் குவிச்சது."

மாப்பிள்ளை முதல் தடவையாகச் சித்தியின் கால்களைப் பார்த்தார். காபியைக் குடித்து முடித்து, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். பிறகு தரகர் வழியாகப் படம் மட்டும் திரும்பி வந்தது.

அவர்கள் வந்து போன அன்று சாயங்காலமே சித்தி சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "கவர பிரிச்சியா?"

"நீதான் மாத்தி வச்சிட்ட. நான் சரி பண்ணிட்டேன்."

என்னையே பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தாள். "அம்மாகிட்ட சொல்லாத" என்றாள். தன் கவனக்குறைவு வெளியே தெரியக்கூடாது என்கிறாள் போலும் என்று எண்ணி, பெருந்தன்மையோடு தலையாட்டினேன்.

மறுவருஷம் பொம்மையார்பாளையத்திலிருந்து வரன் வந்தபோது சித்தி கவரை என்னிடம் தரவில்லை. தானே நடந்து போய்ப் பெட்டியில் போட்டாள். வந்தவர் படுதாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அந்த வெயில்ல எப்பிடிங்க நிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். அவர்தான் என் சித்தப்பா. வண்ணப் படத்தைச் சுவரில் மாட்டியதும் அவர்தான்.

தபால் போட்ட நாளன்று நோட்டில் நான் எழுதியது இப்போதும் தெளிவாகப் படிக்க முடிகிறது: "இன்று சித்தி கவரில் தவறான போட்டோவை வைத்துவிட்டாள். நான் சரியானதை வைத்தேன்." கீழே ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடும் போட்டிருக்கிறேன்.